“முடிவுகள் எதுவும் இல்லை”: அந்தப் பட்டியலை யார் படிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவுக்கு ஒரு எண் உண்டு, ஒப்புகை உண்டு, எந்தத் துறைக்குப் போனது என்ற குறிப்பும் உண்டு. அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், பல்கலைக்கழகங்கள், பொது நூலகங்கள் ஆகியவற்றின் இணையதளங்களில் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கிறதே, அதிலும் இரவு பகலாக மனுக்கள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ‘வீட்டு வரி பெயர் மாற்றம்’ என்று ஒருவர் தட்டுகிறார். ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வருகிறது. மூடிவிட்டுப் போகிறார். அவர் கேட்டது சர்வரில் ஒரு வரியாகப் பதிவாகிக் கிடக்கும். அந்த வரிக்கு எண்ணும் இல்லை, ஒப்புகையும் இல்லை. அதைத் திறந்து படிப்பது யார் பொறுப்பு என்று கேட்டால் பல அலுவலகங்களில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

பக்கம் இல்லாமல் இல்லை. ‘சொத்து வரி பெயர் மாற்றம்’ என்ற தலைப்பில் அது அந்தத் தளத்திலேயே இருக்கும். மக்கள் வீட்டு வரி என்கிறார்கள். அலுவலகம் சொத்து வரி என்கிறது. மக்கள் ரேஷன் கார்டு என்கிறார்கள். தளத்தில் மின்னணு குடும்ப அட்டை. மக்கள் ஈசி போட வேண்டும் என்கிறார்கள். பக்கத்தில் இருப்பது வில்லங்கச் சான்றிதழ். இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை எந்தக் கருத்துக்கணிப்பையும்விடத் தேடல் பதிவு தெளிவாகக் காட்டும். புதிய செயலிகளுக்கும் அரட்டைப் பெட்டிகளுக்கும் பணம் ஒதுக்கும் முன்பு, கையில் இருக்கும் இந்தப் பதிவை வாரம் ஒருமுறை படிக்கும் வழக்கம் வர வேண்டும். அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். வழிமுறை தெரியாததால்தான் பல இடங்களில் இது நடப்பதில்லை என்று நம்புகிறோம்.

இது புதிய கலை அல்ல. 1998-இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் ஆறு வாரப் பதிவை, ஏறக்குறைய 100 கோடி கோரிக்கைகளை, ஆய்வாளர்கள் படித்தார்கள். ஒரு தேடலின் சராசரி நீளம் 2.35 சொற்கள்தான். 77 சதவீத அமர்வுகளில், அதாவது ஒருவர் ஒரே மூச்சில் செய்யும் தேடல்களின் தொகுப்புகளில், ஒரே ஒரு தேடல்தான் இருந்தது. 85 சதவீதத் தேடல்களில் முதல் திரையைத் தாண்டி யாரும் போகவில்லை. கேட்பவர் நமக்குத் தருவது இரண்டு சொல்லும் ஒரே ஒரு வாய்ப்பும் என்று இதற்குப் பொருள். 2002-இல் ஆண்ட்ரே புரோடர் என்ற கணினி ஆய்வாளர் ஆல்டாவிஸ்டாவில் வந்த தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக விரும்புவது, ஒரு தகவலை அறிய விரும்புவது, ஒரு காரியத்தை முடிக்க விரும்புவது. பதிவில் அவை முறையே சுமார் 20, 48, 30 சதவீதம். இந்தப் பிரிப்பு இன்றைக்கும் உதவும். ஆனால் அரசுத் தளத்துக்கு இன்னும் இரண்டு வகை வேண்டும்: ‘என் மனு எந்த நிலையில் இருக்கிறது’ என்பதும், ‘யாரிடம் பேசுவது, எந்த எண்’ என்பதும்.

முதலில், பதிவு உண்மையிலேயே சேமிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தேடுசொல் பக்க முகவரியோடு சேர்ந்து போனால் சர்வரின் சாதாரண அணுகல் பதிவிலேயே விழும். படிவம் போல உள்ளே மறைத்து அனுப்பும் முறையில் தளம் கட்டப்பட்டிருந்தால் அந்தப் பதிவில் தேடுசொல் இருக்காது. விழுந்தாலும், பல லினக்ஸ் சர்வர்களில் இயல்பு அமைப்பே 14 நாள் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். அதைவிட முக்கியம், எத்தனை முடிவுகள் வந்தன என்பதை அணுகல் பதிவு சொல்லாது. அதனால் தேடல் நிரலே தன் பதிவைத் தனியாக எழுத வேண்டும்: நேரம், தட்டியபடியே தேடுசொல், முடிவுகளின் எண்ணிக்கை, எத்தனையாவது முடிவில் கிளிக் விழுந்தது, எந்தப் பக்கத்தில் இருந்தபடி தேடினார், அமர்வுக் குறி. இந்த ஆறும் போதும்.

தமிழுக்கு இங்கே ஒரு தனிப் பள்ளம் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் (எழுத்து, அதன் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடுகள்). முகவரி வரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிந்து, ஒரு குறியீடு 9 இடம் பிடிக்கும். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் 5 குறியீடுகள். அது 45 இடம். விரிந்த வடிவத்தை அப்படியே சேமிக்கும் அட்டவணையில் 255 இடம் மட்டும் ஒதுக்கியிருந்தால், 28 குறியீட்டோடு கதை முடிந்தது. ‘வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பிக்கும் முறை’ என்ற கேள்வி ‘விண்ணப்பி’ என்பதை ஒட்டி அறுந்துபோகும். ‘முறை’ பதிவிலேயே இருக்காது. ஆங்கிலத் தேடல்களை வைத்துச் சோதித்த நிறுவனத்துக்கு இந்தக் கோளாறு கண்ணிலேயே படாது. எழுத்தாக மாற்றிய பிறகு சேமிப்பதும், இடத்தைத் தாராளமாக ஒதுக்குவதும் ஒரு மணி நேர வேலை.

அடுத்தது எழுத்துச் சீராக்கம். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம். ககரத்தோடு ஒரே ஒரு ஒகரக் குறி; அல்லது ககரம், கொம்பு, கால் என மூன்று தனித்தனிக் குறியீடுகள். திரையில் ஒரு வேறுபாடும் தெரியாது. தேடல் நிரலுக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில், இப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. சீராக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் அது தொடாத பிழைகளும் உண்டு. ‘ஔவையார்’ என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து ‘ஒளவையார்’ என்றும், ‘கௌரவம்’ என்பதைக் கொம்போடு ளகரம் போட்டு ‘கெளரவம்’ என்றும் தட்டுபவர்கள் ஏராளம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இதற்குத் தனி விதி எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறிகள், சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடம், கைப்பேசி தானாகச் சேர்க்கும் முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: கேள்விக்குச் செய்யும் அதே சீராக்கத்தைத் தளத்தின் உள்ளடக்கத்துக்கும் செய்தால்தான் இரண்டும் பொருந்தும். ஒரு பக்கம் மட்டும் சீராக்கினால் முன்பு கிடைத்ததும் கிடைக்காமல் போகும்.

உள்ளடக்கம் என்றதும் பி.டி.எஃப். கோப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும், தமிழுக்கான டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றது. அதற்கு முன்பும், பழக்கத்தால் பின்பும், பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்கள் பி.டி.எஃப். ஆகத் தளங்களில் இருக்கின்றன. திரையில் அழகான தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த சரம். வேறு பல கோப்புகள் வெறும் ஸ்கேன் படங்கள். சரியான சொல்லைச் சரியான எழுத்தில் தட்டியும் பூஜ்யம் வருகிறதென்றால், முதலில் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக ஒட்டினால் எழுத்துப் பிரச்சினை இல்லை. குப்பையாக ஒட்டினாலோ, ஒட்டவே இல்லை என்றாலோ, கோளாறு கோப்பில் இருக்கிறது. இதே சங்கதி கேள்விப் பக்கத்திலும் நடக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசைப்பலகையில் பழகிய ஒருவர் யூனிகோடுக்கு மாறாமலே தட்டினால், பதிவில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்போல ஒரு வரி விழும். அதை எரிதம் (வேண்டாத குப்பை) என்று தூக்கிப்போடக் கூடாது. பாமினியிலிருந்து மாற்றிப் பார்த்தால் நல்ல தமிழ்க் கேள்வியாக இருக்கும்.

சுத்தம் செய்யும் வேலைதான் இதில் பெரும்பாடு. தேடுபொறிகளின் பாட்களும் (தளங்களைத் தானாகச் சுற்றிவரும் நிரல்கள்), தளம் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கொருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு நிரலும் ஒரே சொல்லை ஆயிரக்கணக்கில் விதைத்திருக்கும். தளத்தைப் பராமரிப்பவர்களின் ‘டெஸ்ட்’ ஒருபுறம். ‘அடுத்த பக்கம்’ அழுத்தியது, பின்பொத்தான் அழுத்தித் திரும்பியது எல்லாம் புதிய தேடலாக எண்ணப்பட்டிருக்கும். தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் பெட்டி என்றால் இன்னும் மோசம். ‘பட்டா’ என்று தட்டினால் ப, பட, பட், பட்ட, பட்டா என ஐந்து வரிகள் பதிவாகலாம். ஒரே அமர்வில் சில வினாடிகளுக்குள், முந்தைய வரி அடுத்த வரியின் தொடக்கமாக இருந்தால் முந்தையதை நீக்கிவிடலாம். நீக்காமல் எண்ணினால் பட்டியலின் உச்சியில் ஒற்றை எழுத்துகள் வந்து உட்காரும். மக்கள் ஏன் ‘ப’ என்று தேடுகிறார்கள் என்று கூட்டம் போட்டுப் பேச நேரும்.

பதிவை எக்செலில் திறப்பவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு. பதிவை இறக்கித் தரும் சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் பெரும்பாலும் குப்பையாகத் தெரியும். தரவு இறக்குமதி வழியாகப் போய் யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்துக் கொண்டுவர வேண்டும். 10,48,576 வரிக்கு மேல் ஒரு தாளில் ஏறாது. மூன்றாவதுதான் சத்தமில்லாமல் கெடுப்பது: ‘12/3’ என்று ஒருவர் தட்டிய புல எண்ணை எக்செல் தானாகத் தேதியாக்கிவிடும். தேடுசொல் இருக்கும் நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

ஒருவர் ஒரே மூச்சில் செய்யும் தேடல்களின் தொகுப்புதான் அமர்வு என்று மேலே சொன்னோம். 30 நிமிடம் அசைவில்லை என்றால் அமர்வு முடிந்தது என்பது துறை வழக்கம். நம் ஊரில் இது பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது: இ-சேவை மையம். அங்கே ஒரே கணினியில் அரை மணிக்குள் பத்துப் பேரின் வேலை நடக்கும். ஒருவர் வருமானச் சான்று, அடுத்தவர் முதல் பட்டதாரிச் சான்று, அதற்கடுத்தவர் பட்டா மாறுதல். இவற்றை ஒரே மனிதரின் பயணமாகப் படித்தால் வருமானச் சான்று கேட்பவர்கள் அடுத்துப் பட்டா கேட்கிறார்கள் என்று தப்பான முடிவுக்கு வருவோம். கைப்பேசி வலைப்பின்னலிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே ஐ.பி. முகவரிக்கு (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பின்னால் இருப்பார்கள். அதனால் நேர இடைவெளியை மட்டும் நம்பாமல், அடுத்தடுத்த இரண்டு தேடல்களுக்குள் பொதுவான சொல்லோ நெருங்கிய பொருளோ இல்லையென்றால் அமர்வை அங்கேயே வெட்டுவது நல்லது.

இவ்வளவும் முடிந்த பிறகு எண்ணலாம். தேடல்களை எண்ணாதீர்கள், எத்தனை அமர்வுகளில் அந்தக் கேள்வி வந்தது என்று எண்ணுங்கள். எரிச்சலில் ஒரே சொல்லை இருபது முறை தட்டியவர் இருபது பேர் ஆகிவிடக் கூடாது. மேலே உள்ள 200 கேள்விகளை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். மீதியில்தான் விஷயம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் ஓரிரு முறைதான் வந்திருக்கும் என்பதால் தரவரிசைப் பட்டியலில் அவை தலைகாட்டாது. அந்த நீண்ட வாலிலிருந்து 400 வரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் படித்தால், ஒரு வகையின் பங்கை ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி முன்பின்னாகச் சொல்லிவிடலாம். வகைப்படுத்தும்போது முதல் 100 வரிகளை இரண்டு பேர் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். வேறுபடும் இடங்களில் விதி எழுதிக்கொண்டு மேலே போக வேண்டும். ‘பட்டா’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அவர் பட்டாவைப் பார்க்க வந்தாரா, பெயர் மாற்ற வந்தாரா, நகல் எடுக்க வந்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே அவர் எதில் கிளிக் செய்தார், அடுத்து என்ன தட்டினார் என்பதுதான் துப்பு.

உதாரணத்துக்கு ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். ‘ஈசி’ என்று தட்டியதற்குப் பூஜ்யம். ‘இசி’ பூஜ்யம். ‘ஈசி பார்க்க’ பூஜ்யம். ‘வில்லங்கம்’ என்றதும் நிறைய முடிவுகள், ஆனால் கிளிக் இல்லை. கடைசியில் ‘வில்லங்க சான்று’. மூன்றாவது முடிவில் கிளிக், அதோடு தேடல் நின்றது. ஐந்து வரிகள்தான். தொடக்கத்தில் அவர் வாயில் இருந்த சொல்லும், கடைசியில் தளம் ஏற்றுக்கொண்ட சொல்லும் இதில் இருக்கின்றன. இப்படித் தோல்வியில் தொடங்கி வெற்றியில் முடியும் தொடர்களை மட்டும் பிரித்தெடுத்து, முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாற்றுச்சொல் அகராதி தானாகவே உருவாகிவிடும். வெளியாள் யாரும் உட்கார்ந்து கற்பனை செய்து எழுத வேண்டியதில்லை. ஒரே இணை குறைந்தது ஐந்தாறு தனித்தனி அமர்வுகளில் வந்தால் மட்டும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

முடிவே இல்லாமல் போன கேள்விகளில் அதிகம் வந்த 50-ஐ வாரந்தோறும் ஒருவர் கையால் சோதிக்க வேண்டும். அரை நாள் வேலை. ஒவ்வொன்றுக்கும் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பக்கமே இல்லை, பக்கம் வேறு சொல்லில் இருக்கிறது, சொல் சரி, எழுத்தோ நிரலோ கெடுத்தது. முதலாவதற்குப் புதிய பக்கம் எழுத வேண்டும். இரண்டாவதற்கு மாற்றுச்சொல் அட்டவணை போதும். ஆனாலும், மக்கள் சொல்லைப் பக்கத்தின் முதல் வரியிலேயே ‘சொத்து வரி எனப்படும் வீட்டு வரி’ என்று எழுதிவிடுவதே மேல். அப்போது வெளித் தேடுபொறியில் தேடுபவருக்கும் அது அகப்படும். மூன்றாவது, தொழில்நுட்பப் பிரிவுக்கு.

மூன்றாவதில் நம் மொழியின் இயல்பு பெரிய பங்கு வகிக்கிறது. ‘வாரிசுச் சான்று’ என்று ஒற்று மிகுத்து எழுதியிருக்கும் பக்கம், ஒற்றில்லாமல் ‘வாரிசு சான்று’ என்று தட்டியவருக்குக் கிடைக்காது. ‘பத்திரப்பதிவு’, ‘பத்திர பதிவு’ என இடைவெளியில் மாட்டிக்கொள்வதும் உண்டு. ‘நிலம்’ ஐ உருபேற்று ‘நிலத்தை’ ஆகும்போது மகரம் மறைந்து அத்துச் சாரியை வந்துவிடுகிறது; ‘வீடு’ ‘வீட்டு’ ஆகிறது. வெறுமனே சொல்லின் முன்பகுதியை வைத்துப் பொருத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்துச் சில தளங்கள் அப்படிச் செய்திருக்கின்றன. விளைவு, ‘வரி’ என்றால் ‘வரிசை’யும் வருகிறது, ‘கல்’ என்றால் கல்வியும் கல்லூரியும் வருகின்றன, ‘அரசு’க்காக முன்பகுதியை இன்னும் குறைத்தால் ‘அரசியல்’ முழுவதும் வந்து விழுகிறது. பூஜ்யம் குறைந்துவிட்டது என்று அறிக்கை சொல்லும். தேடியவருக்கோ நூறு தவறான முடிவுகள். பூஜ்யம் வந்தால் அவருக்கு இல்லை என்றாவது தெரியும். ஆகவே வேர்ச்சொல் பிரிக்கும் விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு முந்தைய மாதத்தின் அதே 200 கேள்விகளை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் சரியான பொருத்தம் எதுவும் கிடைக்காதபோது மட்டும் தளர்த்திப் பார்க்க வேண்டியவை. ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழுக்கும் அப்படித்தான். நெடிலுக்கு ஒருவர் ஒரு எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். அதற்கு அகராதியைவிடப் பதிவிலிருந்தே எடுத்த வடிவங்களின் பட்டியல் நன்றாக வேலை செய்கிறது.

கிளிக் விழுந்ததெல்லாம் வெற்றி அல்ல. 2005-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், முடிவுகளின் வரிசையைத் தேடுபவருக்குத் தெரியாமல் மாற்றி வைத்துக் கண் அசைவையும் கிளிக்கையும் கவனித்தார்கள். மோசமான முடிவை மேலே வைத்தாலும் மேலே இருப்பதற்கே கூடுதல் கிளிக் விழுந்தது. அதனால் ‘முதல் முடிவில் கிளிக் அதிகம்’ என்பதைத் தேடல் நன்றாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. கிளிக் செய்து 30 வினாடிக்குள் திரும்பி வந்து வேறு சொல் தட்டினால் அது தோல்வி என்று கொள்வது வழக்கம், பெரிய பி.டி.எஃப். இறங்கவே அரை நிமிடம் பிடிக்கும் இடங்களில் அந்தக் கோட்டைத் தள்ளி வைக்க வேண்டும். எதிர்ப்புறமும் உண்டு. தொலைபேசி எண் முடிவுப் பட்டியலிலேயே தெரிந்துவிட்டால் ஆள் கிளிக் செய்யாமல் போய்விடுவார். அது முழு வெற்றி.

எண்ணிக்கை திடீரென்று ஏறினால் உடனே தேவை ஏறிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. கூகுள் நிறுவனம் 2008-இல் காய்ச்சல் தொடர்பான தேடல்களை வைத்து அமெரிக்காவில் ஃப்ளூ பரவலைக் கணிக்கத் தொடங்கியது. 2009-இல் புதிய வகை ஃப்ளூவின் முதல் அலையைத் தவறவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் மருத்துவர்களிடம் போனோரின் உண்மை அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 2015-இல் வெளியீடு நின்றுபோனது. செய்தியைப் பார்த்துப் பயந்து தேடியவர்கள், தேடல் பெட்டியே காட்டிய பரிந்துரையை அழுத்தியவர்கள் எல்லாம் நோயாளிகளாக எண்ணப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள். உங்கள் பத்திரிகையில் ஒரு திட்டத்தைப் பற்றிச் செய்தி வந்த அன்று அந்தத் திட்டத்தின் தேடல் எகிறும். 12-ஆம் வகுப்பு முடிவு நாளில் பள்ளித் துறைத் தளத்தின் பதிவு மற்ற நாள்களோடு ஒப்பிடவே முடியாததாக இருக்கும். சென்ற வாரத்தோடு மட்டும் பார்க்காமல் சென்ற ஆண்டின் அதே காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேடல் பெட்டிக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். வெளித் தேடுபொறியிலிருந்து என்ன கேட்டு வந்தார்கள் என்பதைக் தளம் நடத்துபவர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசமாக 16 மாதத்துக்குக் காட்டுகிறது. அரிய கேள்விகளை அது மறைத்துவிடும். இணையமே தொடாத முதியவர் எந்தப் பதிவிலும் இல்லை. அவருக்கு நேர்முக விசாரணைக் கவுன்ட்டர்தான் பதிவு. அங்கே வாய்மொழியாகக் கேட்கப்படும் கேள்விகளையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

இப்போது, எங்களுக்கு மிகவும் கவலை தரும் பகுதி. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆய்வுக்கென்று சுமார் 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை, சுமார் 2 கோடியை, பொதுவெளியில் போட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள். சில நாள்களுக்குள் 4417749 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த மூதாட்டியின் வீட்டுக் கதவை நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் தட்டிவிட்டார்கள். அவர் தேடிய ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் உடல் உபாதைகளுமே அவரைக் காட்டிக்கொடுத்தன. நம் அரசுத் தளங்களின் தேடல் பெட்டியில் மக்கள் ஆதார் எண்ணைத் தட்டுகிறார்கள், கைப்பேசி எண்ணைத் தட்டுகிறார்கள், ‘இன்ன கிராமம், இன்ன புல எண், இன்னார் மகன் இன்னார்’ என்று முழு விவரத்தையும் தட்டுகிறார்கள். அது வேறு பெட்டியில் போட வேண்டியது என்று அவர்களுக்குத் தெரியாது. தவறு அவர்களுடையது அல்ல.

ஆகவே மறைப்பு வேலை, பதிவு எழுதப்படும் அந்தக் கணத்திலேயே நடக்க வேண்டும். 10 அல்லது 12 இலக்க எண் வந்தால் ‘கைப்பேசி எண்’, ‘12 இலக்க எண்’ என்ற சொற்களால் மாற்றிவிடலாம். ஆதாரை நான்கு நான்காக இடைவெளி விட்டுத் தட்டுவதே வழக்கம். இடைவெளியை எடுத்துவிட்டு எண்ணிப் பார்க்காத விதி ஒன்றையும் பிடிக்காது. புல எண்ணையும் ‘புல எண்’ என்ற சொல்லாக மாற்றினால் போதும். முழுதாக அழித்துவிட்டால், இத்தனை பேர் புல எண்ணை இந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்ற பயனுள்ள செய்தியும் அழிந்துவிடும். ஐ.பி. முகவரியை நேரடியாக வைத்திருக்க வேண்டாம். அதைச் சங்கேதமாக்கி வைத்தாலும் போதாது. பழைய வகை முகவரிகள் மொத்தம் 430 கோடிக்கும் குறைவு, ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து மூலத்தைக் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு நாளும் மாறும் ரகசியச் சாவியைச் சேர்த்துச் சங்கேதமாக்கி, நாள் முடிந்ததும் சாவியை அழித்துவிட வேண்டும். அமர்வு பிரிக்க அது போதும். ஒருவரை மாதக்கணக்கில் பின்தொடர முடியாமலும் போகும். மூல வரிகளை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை. அதன்பின் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதும். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்திருக்கும் நிலையில், ஒப்பந்த நிறுவனத்திடம் பதிவு முழுவதையும் எழுத்துபூர்வ நிபந்தனை இல்லாமல் ஒப்படைப்பதும் நிற்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(2) பிரிவு, மக்கள் மனுப்போட்டுக் கேட்கும் தேவை குறையும்படி தகவலைத் தாமாகவே முறையாக வெளியிட்டுவர வேண்டும் என்று பொது அதிகார அமைப்புகளிடம் சொல்கிறது. எந்தத் தகவல் இன்னும் வெளியிடப்படவில்லை என்பதை முடிவில்லாத் தேடல்களின் பட்டியலைவிட நேரடியாகக் காட்டுவது வேறு எது? ஒவ்வொரு துறையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. குறைந்தது 20 தனித்தனி அமர்வுகளில் வந்த கேள்விகள் மட்டும். ஆள்பெயரோ எண்ணோ உள்ள எதுவும் கூடாது. வெளியிடும் முன் ஒரு மனிதர் முழுவதையும் படித்திருக்க வேண்டும். நான்கு நெடுவரிசைகள் போதும்: மக்கள் தட்டிய சொல், எத்தனை அமர்வு, கிடைக்காததற்குக் காரணம், என்ன செய்யப்பட்டது. நான்காவது நெடுவரிசை காலியாக இருக்கும் வரிகளையும் அப்படியே வெளியிட வேண்டும்.

நாளிதழ்களின் பழைய இதழ்த் தேடலுக்கும் இவை அத்தனையும் பொருந்தும். வாசகர்கள் உங்கள் தளத்தில் தேடிக் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலை நீங்களே முதலில் வெளியிட்டால், துறைகளிடம் இதைக் கேட்பது எங்களுக்கு எளிதாகும்.

இப்படிக்கு,
தேடல் பதிவுகளைப் படிக்கும் பணியில் உள்ள வாசகர்கள்